நான்காவது பின்னும் ஒரு கார் பல்பும்

கேபினெட்டை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குள் நடந்தேன். ஆட்டோ அண்ணா சாலையிலேயே எங்களை இறக்கிவிட்டது. திங்கள்கிழமை காலை பதினொன்றரைக்கு அந்தத் தெருவில் சைக்கிள் நுழைவதே பெரும்பாடு. பின்னால் என் மகள், கிராபிக்ஸ் கார்டின் அட்டைப்பெட்டியோடு வந்தாள். கட்டடக்கலை முதலாண்டு படிக்கிறாள். கட்டட மாதிரிகளை முப்பரிமாணத்தில் வரைய ஒரு நல்ல சிஸ்டம் வேண்டும் என்று எட்டு மாதமாகப் பணம் சேர்த்தோம். பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, சனிக்கிழமை இரவு நாங்களே பூட்டினோம்.

பட்டனை அழுத்தியதும் ஃபேன் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றின. ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. வயரைப் பிடுங்கிச் சற்று நேரம் கழித்துச் செருகினால் மீண்டும் அதே ஒரு சுற்று, அதே ‘டிக்’. மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. “நான் ப்ராசஸர வைக்கும்போது ஏதாவது வளைச்சிட்டேனாப்பா?” என்று அவள் கேட்டதுதான் ஞாயிறு முழுக்க என் காதில் இருந்தது.

குறுகலான மாடிப்படி ஏறினால் சர்வீஸ் பார்க்கும் பாயின் மேசை. ரப்பர் விரிப்பு, மல்டிமீட்டர், பழைய தீப்பெட்டி நிறையத் திருகாணிகள். முப்பது வருடமாக இதே வேலையாம். கேபினெட்டைத் தொடுவதற்கு முன்பே கேள்வி வந்தது: “பட்டன அமுக்கினதும் மொதல்ல என்ன கேட்டுச்சு சார்? சத்தத்தச் சொல்லுங்க.”

சொன்னேன். தலையசைத்தார். மகள் தயங்கியபடி அந்த விளக்கைக் காட்டினாள். “லைட் எரியுதே அங்கிள், அப்ப கரண்ட் வருதுதானே?”

“அது வேற கரண்ட் மா.”

வீட்டு மின்சாரத்தை வாங்கிப் பாகங்களுக்கெல்லாம் பிரித்துக்கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதற்கு மின்சாரம் போனவுடனே, பட்டனை அழுத்தாமலேயே, ஊதா வயரில் 5 வோல்ட் வந்துவிடும். போர்டு விழித்திருப்பதற்கான மின்சாரம் அது, அவ்வளவுதான். மஞ்சள் வயரின் 12 வோல்ட், சிவப்பின் 5, ஆரஞ்சின் 3.3 எல்லாம் பட்டனுக்குப் பிறகுதான். எல்லாம் சரியாக நின்றபின் எஸ்எம்பிஎஸ் சாம்பல் வயரில் ‘தயார்’ என்று ஒரு சைகை அனுப்பும். அதற்கு 100 முதல் 500 மில்லிசெகண்டு பிடிக்கும். அந்தச் சைகை வராமல் போர்டு ப்ராசஸரை எழுப்பாது. எங்கள் ஃபேன்கள் சுற்றி நின்றது அந்த இடைவெளியில்தான். ஆகவே எரிகிற விளக்கை வைத்து எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. நான் ஞாயிற்றுக்கிழமை கட்டியது அந்த முடிவைத்தான்.

ஆனாலும் பாய் எஸ்எம்பிஎஸ் மேல் உடனே பழி போடவில்லை. எங்காவது ஷார்ட் இருந்தாலும் அது தன்னைக் காத்துக்கொள்ள இப்படித்தான் ‘டிக்’ என்று நின்றுவிடுமாம். ப்ராசஸருக்கான 8 பின் வயர் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கேபினெட் பட்டனின் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டார். பட்டனே பழுதாக இருந்தால் இதில் தெரிந்துவிடும். அதே ‘டிக்’. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினார், எஸ்எஸ்டியைக் கழற்றினார், இரண்டு ராமில் ஒன்றை எடுத்தார். மாற்றமில்லை. கடைசியில் போர்டையே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தார். அடியில் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களில் ஒன்று தேவையில்லாத இடத்தில் நின்றுவிட்டால் அது போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். எண்ணிப் பார்த்தார், நாங்கள் வைத்த குமிழ் எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. ப்ராசஸரைத் தூக்கி, லென்ஸ் வைத்து சாக்கெட்டின் பின்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். “ஒண்ணுகூட வளையல மா. நல்லா வெச்சிருக்க.” மகள் பதில் சொல்லவில்லை. கிராபிக்ஸ் கார்டின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இப்போது எஸ்எம்பிஎஸ்ஸின் முறை. எங்களுடையதில் வயர் எல்லாமே கறுப்பு, நிறத்தை வைத்து அடையாளம் காண முடியாது. 24 பின் கனெக்டரைக் கிளிப் மேலே இருக்கும்படி பிடித்து, மேல்வரிசையில் இடமிருந்து நான்காவதைக் காட்டினார். பழைய வயரில் பச்சையாக இருப்பது அதுதான். அதையும் ஐந்தாவதையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால், பட்டனை அழுத்தியதாக எஸ்எம்பிஎஸ் எடுத்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கிளிப்பைச் செருகினார், பிறகு சுவிட்சைப் போட்டார்.

ஃபேன் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. மீட்டரில் 12.1 வோல்ட். இதில் 5 சதவீதம் ஏறலாம், இறங்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை சரி. எனக்கு நெஞ்சு அடைத்தது. எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்றால் போனது போர்டு அல்லது ப்ராசஸர். இரண்டும் விலை கூடிய சாமான்கள்.

“அவசரப்படாதீங்க சார். சும்மா நிக்கிற ஆளு நல்லாத்தான் நிப்பான். தலையில மூட்டய வெச்சுப் பாக்கணும்.”

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கார் ஹெட்லைட் பல்பை எடுத்தார். 12 வோல்ட், 55 வாட். எரியும்போது நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். அதன் இரு வயர்களையும் நாலு பின் கனெக்டரின் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்து, மீட்டர் முனைகளை அங்கேயே வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். பல்பு ஒரு கணம் பளீரென்று எரிந்தது. மீட்டரில் 10.6 என்று வந்தது. ‘டிக்.’ இருட்டு. இன்னொருமுறையும் அதேதான்.

நான் பார்த்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதற்கு வேண்டியது ஒரு பழைய பல்பும் பொறுமையும். பேப்பர் கிளிப்பை மட்டும் நம்பியிருந்தால் நான் போர்டைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்கு ஓடியிருப்பேன்.

ஒரு சந்தேகமும் மிச்சம் வைக்காமல், தன் சோதனை எஸ்எம்பிஎஸ்ஸை எங்கள் போர்டில் மாட்டினார். அதன் வயர்களோடு சேர்த்தே மாட்டினார். கழற்றி மாட்டும் வயர் உள்ள எஸ்எம்பிஎஸ்களில் ஒரு கம்பெனி வயரை இன்னொன்றில் செருகக்கூடாது என்று மகளிடம் இரண்டு முறை சொன்னார். போர்டுப் பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. முனை பொருந்திவிடும், ஆனால் 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் கருகிவிடும்.

ஃபேன் சுற்றியது. ‘டிக்’ இல்லை. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. அரை நிமிடம். ஒரு நிமிடம். என் கை தானாக சுவிட்சை நோக்கிப் போனது, பாய் தடுத்தார். புது போர்டில் டிடிஆர்5 ராம் முதல்முறை ஏறும்போது, அதற்கான நேரக்கணக்குகளைப் போர்டு ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அந்த நேரத்தில் பதறி நிறுத்துகிறவர்கள் நல்ல போர்டைப் பழுது என்று கொண்டுவருவார்களாம். பிறகு திரையில் எழுத்து வந்தது. ரைசன் 5 7600, 16 ஜிபி. மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

புத்தம் புதியது எப்படிப் போகும் என்று கேட்டேன். புதியதுதான் போகும் என்றார். பொறியாளர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். சாமான்கள் பழுதாகும் விகிதத்தைக் கோடாக வரைந்தால் குளியல் தொட்டியின் வடிவம் வரும்: தொடக்கத்தில் உயரம், நடுவில் நீண்ட சமதளம், வயதானபின் மறுபடி உயரம். சரியாகப் பிடிக்காத ஒரு பற்றவைப்போ தரம் குறைந்த ஒரு கெபாசிட்டரோ முதல் சில மணி நேரத்திலேயே தன்னைக் காட்டிவிடும்.

“திறந்து பார்க்கலாமா பாய்?”

இதற்கு மட்டும் குரல் கடுமையானது. வீட்டு 230 வோல்ட் உச்சத்தில் 325 வோல்ட். இந்த வகை எஸ்எம்பிஎஸ் அதை 400 வோல்ட் அளவுக்கு ஏற்றிப் பெரிய கெபாசிட்டரில் வைத்திருக்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கக்கூடும். ஆளைத் தூக்கியெறியப் போதும். அதோடு ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டியும் போச்சு.

வாட் குறைவாக வாங்கிவிட்டேனோ என்றும் ஒரு பயம் இருந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ப்ராசஸர் அதிகபட்சம் 88 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115. மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300 தாண்டாது. நாங்கள் வாங்கியது 550. அளவில் குறையில்லை. பெட்டியில் இருந்த 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையை நான் தர முத்திரை என்றே நினைத்திருந்தேன். அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான அளவு மட்டுமே. எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு உற்பத்தியாளர் தரும் வாரண்டி வருடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொன்னார்; அதை அந்த வாரமே செய்தேன்.

கிளம்பும்போது, பழுதான எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டி மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினார்: ‘லோடு இல்லாமல் 12.1. 55 வாட் லோடில் 10.6, ஆஃப்.’ பில்லையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுக்கச் சொன்னார். பல்பு சோதனையை மறுபடி செய்து காட்டி, அதை வீடியோ எடுக்கச் சொன்னார்.

ஏன் இவ்வளவு என்று மறுநாள் சர்வீஸ் சென்டரில் புரிந்தது. கவுண்டரில் இருந்த தம்பி பெட்டியைத் திறந்தார், மேசை டிராயரிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்தார், நான்காவது பின், ஐந்தாவது பின். ஃபேன் சுற்றியது. “ஓடுது சார், ஒண்ணும் ப்ராப்ளம் இல்லயே.”

மகள் வெள்ளைத்தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். “லோடு குடுத்துப் பாருங்கண்ணா.”

அவர் இரண்டு வரியையும் படித்தார், வீடியோவைப் பார்த்தார், எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து, சீல் பிரிக்காத இன்னொரு பெட்டியோடு வந்தார்.