ரிச்சி தெருவில் ஒரு குழந்தையின் கார்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் அமைந்திருக்கிறது ரிச்சி தெரு. பெயர் ஒரு தெருவுக்கு உரியதாயினும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை ஆகியவற்றையும் சேர்த்தே மக்கள் அவ்வாறு அழைக்கின்றனர். ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கு உதிரி தேடுவோர் வந்த இடம்; இன்று கணினிக்கும் கைபேசிக்கும் வருவோரால் நிரம்பி வழிகிறது. ஆளுயர அலமாரி அளவே உள்ள கடையிலும் ஆயிரம் சிறு பொருள்கள் இருக்கும். ஞாயிறன்று மட்டும் போகாதீர்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

நான் சென்றது, பிள்ளைகள் ஏறி அமர்ந்து ஓட்டும் பேட்டரி கார் ஒன்றைச் சீர்செய்ய. என் தங்கை மகளுக்கு நான்கு வயது. மூளை வாதத்தால் கால்கள் இயங்குவதில்லை. கைகளுக்கு ஓரளவு வலிமை உண்டு. இதுநாள்வரை அவள் போன இடமெல்லாம் பிறர் தூக்கிப் போன இடமே. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கோல் கேலோவே, இத்தகைய கார்களை மாற்றியமைத்து நடக்க இயலாத மழலையருக்கு வழங்கும் பணியைத் தொடங்கியவர். அச்செய்தியை அவளுடைய இயன்முறை மருத்துவர் கூறினார். உறவினர் வீட்டில் பழைய கார் ஒன்று கிடந்தது. அதன் பேட்டரியில் உயிரில்லை. மச்சான் தம் ஸ்கூட்டர் பேட்டரியை இணைத்து வெறும் காரை ஓட்டிப் பார்த்தார். ஒரே பாய்ச்சலாகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. கழுத்து உறுதிப்படாத பிள்ளையை அதில் எப்படி அமர்த்துவது?

ஆட்டோவில் ஏற்றிச் சென்றோம். முதற்கடைக்காரர் காரைக் கண்டதும், “பாய், 18 வோல்ட் போட்டுத் தருகிறேன், பறக்கும்!” என்றார். அங்கே வருவோர் வேகத்தைத்தான் கேட்கிறார்களாம். 12 வோல்ட்டுக்குச் செய்த மோட்டாரில் 18 வோல்ட்டைச் செலுத்தினால் அது சூடாகிக் கருகலாம். பிளாஸ்டிக் பல்சக்கரங்களின் பற்கள் உடையலாம். இவ்வகைக் கார்கள் பலவற்றில் தனியாகப் பிரேக்கும் கிடையாது. அந்தப் பறத்தல் யாருக்கு வேண்டும்!

மீரான் சாகிப் தெருவில் ஓர் இளைஞர் எங்கள் தேவையைப் பொறுமையாகக் கேட்டார். “மெதுவாகப் போக வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான், பாய்” என்று சிரித்தார். பழைய பேட்டரியைச் சோதித்தார். சும்மா இருக்கையில் 12 வோல்ட் காட்டியது. மோட்டாரை இணைத்ததும் 8-க்கு விழுந்தது. ஈய அமிலப் பேட்டரியை மின்னேற்றாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் இப்படித்தான் ஆகும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி அளவில் புதியது வாங்கினோம். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். இடப்பக்கத்துப் பல்சக்கரம் ஒன்றில் பல் உடைந்திருந்தது. அதற்கும் மாற்று கிடைத்தது.

“வேகத்தைக் குறைக்க வழியில் ஒரு ரெசிஸ்டர் வைத்தால் போதாதா, தம்பி?” என்றேன். கலைப்பட்டதாரியின் அறிவு அவ்வளவே எட்டும். “ஏற்றம் வந்தால் மோட்டார் கூடுதல் மின்சாரம் கேட்கும். அப்போது ரெசிஸ்டரே வோல்ட்டைத் தின்றுவிடும், வண்டி நின்றுபோகும்” என்றார். அவர் பொருத்திய கட்டுப்பாட்டுப் பலகை, மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டுவிட்டுத் தருகிறது. விடும் நேரம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். தொடங்கும்போதும் முழு விசையை உடனே தராமல் மெல்ல மெல்லக் கூட்டுகிறது. வேகத்தை மாற்றும் திருகைப் பிள்ளையின் கைக்கு எட்டாதபடி இருக்கைக்கு அடியில் வைத்தார்.

காலால் மிதிக்கும் சுவிட்சுக்குப் பதில், ஸ்டியரிங் நடுவே உள்ளங்கை அகலத்தில் சிவப்புப் பொத்தான். அதில் சிறிதளவு மின்சாரமே ஓடும். மோட்டாருக்கான பெருமின்னோட்டத்தை ரிலே ஒன்று தாங்கும். பேட்டரியின் வாயிலிலேயே ஒரு ஃபியூசும் வைத்தார். அழுத்தினால் போகும், கையை எடுத்தால் நிற்கும். சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவைத்துச் சோதித்தபோது, தெருவில் போனவர்கள் நான்கைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

இருக்கைப் பட்டியும், முதுகுக்கும் கழுத்துக்கும் பஞ்சு அணையும் மருத்துவர் சொன்னபடி வீட்டில் பொருத்தினோம். முதல் நாள் முற்றத்தில் நான்கடி போய்த் தானே நின்றாள். நின்றது தன் கையால்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் போயிருந்தேன். தங்கை, “இங்கே வா, கண்ணு” என்று அழைத்துக்கொண்டே காரின் பக்கத்தில் நடந்தாள். பிள்ளை பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. உம்மாவைத் திரும்பியும் பாராமல் கொய்யா மரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.