பாவையும் பாவையரும்

தீபாவளித் திருநாள் நெருங்கும் காலத்தில் சென்னைத் தியாகராய நகரத்துத் தெருக்கள் மக்கள் வெள்ளத்தால் நிறைந்துவிடும். ஜவுளிக்கடைகளின் வாயில்தோறும் கண்ணாடிக்குள்ளே பாவைகள் நிற்கும். பட்டுடுத்திய பாவை ஒன்று. பாவாடை தாவணி அணிந்த பாவை மற்றொன்று. கூர்ந்து நோக்கினால் அவை பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வார்த்தவை என்பது விளங்கும். வெளிறிய நிறம், நீண்ட கழுத்து, ஒரு பிடியுள் அடங்கும் இடை. அவற்றைக் கண்டு நிற்கும் கூட்டத்திலோ கருநிறத்தார் உளர், மாநிறத்தார் உளர், குட்டையர் உளர், பருத்தோரும் உளர். விற்போர் வேண்டுவது அக்கூட்டத்தாரின் பொருளை. ஆயினும் அவருள் ஒருவரது சாயலும் அப்பாவைகளுக்கு இல்லை.

பாவையின் முன்புறத்தையே கடைக்காரர் காட்டுவர். பின்புறம் சென்று பார்த்தால் உண்மை வெளிப்படும். உடை அப்பாவைக்கே பெரிதாயிருந்தால், முதுகுப் பக்கத்தில் துணியை மடித்துக் குண்டூசி குத்தியிருப்பர். அவ்வித்தையை அறியாத சிறுமி அதே சட்டையை அணிந்து, கண்ணாடி முன் நின்று, பாவையின்மேல் படிந்ததுபோல அது தன்மேல் படியவில்லையே என்று வாடுவாள். குறை தன் உடம்பில் உளது என்றே துணிவாள். பகலுணவைக் குறைப்பாள், பள்ளி விழாவில் மேடையேற நாணுவாள். எலும்பும் குருதியும் வளர உணவு மிகுதியாக வேண்டும் பருவத்தில் நேரும் கேடு இது. சிறு செய்தி என்று பெற்றோர் இதனைச் சிரித்து ஒதுக்குவது தகாது.

பாவையினும் படம் செய்யும் தீங்கு பெரிது. விளம்பரத்துக்கு எடுத்த படத்தைக் கணினியில் இட்டு இடையைச் சுருக்குவர், தோலை வெளுப்பாக்குவர், மருவையும் தழும்பையும் துடைப்பர். முடிவில் தோன்றும் உருவம், படத்துக்கு நின்ற பெண்ணுக்கே அயலானது! பிரான்சு நாட்டில், உடலைப் பருக்கவோ மெலியவோ செய்து திருத்திய விளம்பரப் படங்களில் அச்செய்தியைப் பொறித்தல் வேண்டும் என்னும் விதி 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நார்வே நாடும் 2022-இல் அத்தகைய விதியை மேற்கொண்டது.

இந்தியாவிலோ நிறமே பெருஞ்சிக்கல். 1975-ஆம் ஆண்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு விற்பனைக்கு வந்தது. வெண்மையும் அழகும் ஒன்றே என்பது அப்பெயரின் உட்பொருள். கரிய பெண் வேலையும் மணமும் கூடாமல் வருந்துவதும், பூச்சுப் பூசி வெளுத்தபின் இரண்டையும் பெறுவதும் இத்தகைய பூச்சு விளம்பரங்களில் வழக்கமான கதை. கருநிறத்தாரைத் தாழ்ந்தவராகவும் துயருடையவராகவும் காட்டலாகாது என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2014-இல் நெறி வகுத்தது. 2020-இல் அப்பூச்சின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி, ஒளிர்வைக் குறிக்கும் 'க்ளோ' புகுந்தது. நல்லதே. ஆயினும், 45 ஆண்டுகள் கேட்டுப் பழகிய செவிகள் பழைய சொல்லை எளிதில் மறக்குமா?

பண்டைத் தமிழ்ப் பாடல்களில் நாம் காண்பது வேறு. முல்லை நிலத் தெய்வத்தை மாயோன் என்றனர். கரியவன் என்பது அதன் பொருள். தலைவியின் மேனி நிறத்தை மாமை என்று போற்றினர். அதனை மாந்தளிரின் நிறம் என்பர் அறிஞர். அம்மாமை கெட்டு, மேனி வெளிறிப் பசலை பாய்வதையே பிரிவுத் துயரின் அடையாளமாகப் புலவர் பாடினர். அன்று நோயென்று நொந்த வெளிறலை இன்று விலை கொடுத்து வாங்குகின்றனர்! நாட்காட்டிப் படங்களில் மாயோனும் இளநீலமாக வெளுத்துவிட்டான். அதனைக் கண்டு பொறாத சென்னைக் கலைஞர் இருவர், 2017-ஆம் ஆண்டின் இறுதியில், கருநிறத்தாரையே திருமகளாகவும் கலைமகளாகவும் முருகனாகவும் ஒப்பனை செய்து படங்கள் எடுத்து வெளியிட்டனர்.

அளவு ரவிக்கை கொடுத்துத் தைத்த காலத்தில் உடம்புக்கு ஏற்ப ஆடை அமைந்தது. ஆயத்த ஆடைக்கு ஏற்ப உடம்பை அமைத்துக்கொள்ளுமாறு விளம்பரம் இன்று ஏவுகிறது. தெருக்கோடித் தையற்காரர் அவ்வாறு ஏவுவதில்லை. அவர் நாடாவால் அளந்து, பக்கத் தையலின் உள்ளே இரண்டு விரற்கடைத் துணியை மடித்து வைத்துத் தைக்கிறார். வளரும் பிள்ளை அடுத்த ஆண்டு சற்றுப் பருத்தால், தையலைப் பிரித்துத் துணியை விட்டுக்கொடுப்பதற்காகவே அம்மடிப்பு.