சார் வரலையா, மேடம்?

எங்கள் வீட்டுக் கணினி திறக்க ஆறு நிமிடம் ஆகும். பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போவேன். மறுநாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப்போடுவேன். சிங்க்கில் கிடக்கும் டம்ளர்களைக் கழுவுவேன். மிச்சப் பாலை ஃபிரிட்ஜில் வைப்பேன். திரும்பி வரும்போது திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். எனக்கென்று கிடைப்பது இரவு பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை ஒரு மணி நேரம். அதில் பத்தில் ஒரு பங்கை அந்த வட்டம் தின்றுவிடும். அதற்குள் மனதில் இருந்த வரியும் பல இரவுகளில் போயிருக்கும்.

2013இல் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வதற்காக வாங்கிய கணினி அது. வாங்கும்போது என் கணினி. ஹாலில் வைத்ததும் வீட்டுக் கணினி ஆகிவிட்டது. வருமான வரி, மின்கட்டணம், மகனின் பள்ளிக்கூட வேலை, அவன் விளையாட்டு, ஊரிலிருந்து வந்தவர்களின் ரயில் டிக்கெட் என்று எல்லாம் அதில்தான் நடந்தன. எல்லோரும் எழுந்த பிறகு நான் உட்காருவேன்.

2020இல் ஊரடங்கு வந்தபோது மகனுக்கு ஆன்லைன் வகுப்பு, அதனால் கணினி அவனுக்கு. கணவர், அலுவலகம் கொடுத்த மடிக்கணினியோடு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அடுப்பங்கரை மேடையில் உப்பு ஜாடியில் செல்பேசியைச் சாய்த்து வைத்து இளங்கலை மாணவர்களுக்கு இலக்கணம் நடத்தினேன். குக்கர் விசில் அடிக்கும்போது மைக்கை அணைப்பேன். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வீட்டுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

2024 கோடை விடுமுறையில் கணினி தானாகவே அணைய ஆரம்பித்தது. இரண்டு யுஎஸ்பி துளைகள் முன்பே செத்துவிட்டிருந்தன. ஒருநாள் இரவு சேமிக்காத ஒரு பக்கத்தோடு அணைந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வழக்கமாக வரும் பழுதுபார்ப்பவர் வந்தார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "போர்டு போயிடுச்சு சார். பழைய சிஸ்டம். இதுல விண்டோஸ் 11 ஏறாது. பத்துக்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடியுது. தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்கிடுங்க." அவர் சொன்ன லேப்டாப் 55,000 ரூபாய். மகன் அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான். "ஒரு வருஷம் போகட்டுமே, அதுவரை இருக்கிறதை வச்சு ஓட்டு" என்றார் கணவர். கெட்ட மனதோடு சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை என் அம்மாவும் பாட்டியும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் இருக்கிறது ஓடவில்லையே.

கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவி ஒருத்திதான் வழி சொன்னாள். "புதுசு எதுக்கு மேடம்? கேபினெட், மானிட்டர், கீபோர்டு எல்லாம் நல்லாத்தானே இருக்கு? போர்டும் ப்ராசஸரும் மட்டும் மாத்துங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல காம்போவா தருவாங்க."

பத்து நாள் படித்தேன். ஆய்வு செய்தவளுக்குப் படிப்பதில் என்ன கஷ்டம்? ஆனாலும் கணினிப் பெட்டியைத் திறக்கலாம் என்று பதினொரு வருடத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. மிக்சி ஜாரின் வாஷர் மாற்றியிருக்கிறேன், குக்கரின் சேஃப்டி வால்வு மாற்றியிருக்கிறேன், தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டிருக்கிறேன். நான்கு திருகாணி கொண்ட ஒரு தகரப் பெட்டி மட்டும் ஆம்பளைப் பொருளாகவே நின்றிருக்கிறது.

தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். ப்ராசஸர் கணக்குப் போடும் சில்லு. போர்டு, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை. ஒன்றை மட்டும் புதிதாக வாங்க முடியாததற்குக் காரணம், ப்ராசஸர் உட்காரும் இருக்கை சில தலைமுறைகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. என்னுடையது இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை ஐ3. அதன் இருக்கையில் 1155 தொடுமுனைகள். பன்னிரண்டாம் தலைமுறைக்கு 1700. அதனால்தான் இரண்டையும் ஜோடியாக விற்கிறார்கள். பழைய ரேமும் உதவாது. டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருக முடியாது. உங்கள் போர்டு நன்றாக இருந்து, மெதுவாகத் திறப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் இதெல்லாம் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் ஒரு எஸ்எஸ்டி போட்டாலே பாதி நோய் தீரும். என் போர்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

மதர்போர்டைக் கலைச்சொல் பட்டியல்களில் 'தாய்ப்பலகை' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். எல்லோரும் வந்து செருகிக்கொள்ளும் பலகைக்குத் தமிழிலும் அம்மா பேர்தான் கிடைக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வெறும் போர்டு என்கிறார்கள். எனக்கு அதுவே போதும்.

மே மாதத்து வெயிலில் தாம்பரத்திலிருந்து ரயிலேறி எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துகளுக்குள் நான் அதுவரை தனியாகப் போனதில்லை. இரண்டு பக்கமும் கடை, கடைக்கு வெளியே தள்ளுவண்டி, வண்டிக்கு மேலே கேபிள் தோரணம். நான் நுழைந்த முதல் கடையில் இளைஞர் ஒருவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா, மேடம்?"

"இல்ல. நான்தான்."

"என்ன யூஸுக்கு? பையனுக்கா?"

"எனக்கு. எழுதறதுக்கு."

"டைப்பிங்தானே, அப்ப இது போதும்" என்று ஒரு காம்போ சொன்னார். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, எச்610 போர்டு, 13,200 ரூபாய். நான் விசாரித்து வைத்திருந்த விலையைவிட இரண்டாயிரம் குறைவு. சந்தோஷமாக இருந்தது. பிறகு பெட்டியின் ஓரத்தைப் பார்த்தேன். 12100 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எஃப்.

'வேலை கொடு' என்றால் பணி கொடு. 'வேலைக் கொடு' என்றால் ஆயுதத்தைக் கொடு. ஒரு ஒற்று மிகுந்தால் பொருள் எப்படித் தலைகீழாகும் என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவள் நான். ப்ராசஸர் எண்ணின் கடைசியில் எஃப் வந்தால் அதற்குள் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இயங்காது. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டும். அந்தப் பெட்டியோடு வீட்டுக்குப் போயிருந்தால் விசிறி சுற்றும், திரை கறுப்பாக இருக்கும். "உனக்கெதுக்கு இந்த வேலை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன்.

"இது எஃப் ஆச்சே தம்பி. எங்கிட்ட கிராஃபிக்ஸ் கார்டு இல்லையே?"

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஏமாற்ற நினைத்தாரா, கவனிக்காமல் எடுத்தாரா, தெரியாது. அதற்குப் பிறகு அவர் 'சார்' பேச்சை எடுக்கவில்லை. எஃப் இல்லாத ப்ராசஸரும் போர்டும் சேர்த்து 15,300. எட்டு ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 3,200. 500 ஜிபி எஸ்எஸ்டி 3,000. பதினொரு வருடப் பழைய பவர் சப்ளையை நம்பிப் புது போர்டை மாட்ட வேண்டாம் என்று அவரே எச்சரித்தார். நல்ல ஆலோசனை, அதற்கு 1,800. என் பழைய மானிட்டருக்கு வேண்டிய நீலநிற விஜிஏ துளை போர்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். மொத்தம் 23,300 ரூபாய். விடைத்தாள் திருத்திய பணமும் இரண்டு சொற்பொழிவுப் பணமும். எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்று கேட்டார். வீட்டில் என்றேன். "யாரு மாட்டுவாங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதிலையும் அந்த மாணவிதான் கொண்டுவந்தாள். "எங்க அக்காவைக் கூட்டிட்டு வரேன் மேடம். அவ போர்டு கம்பெனியில இருந்தவ."

அக்கா படப்பையிலிருந்து வந்தார். முப்பது தாண்டியிருக்கும். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்பேசிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்து ஆறு வருடம் வேலை பார்த்தவர். அங்கே நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. அதை நம்பியிருந்த கம்பெனிகளிலும் வேலை போனது. இவருக்கும் போனது. அடுத்த தையில் கல்யாணம். இப்போது வீட்டில் ரவிக்கை தைக்கிறார்.

வந்ததும் என் புடவையைத் தொட்டுப் பார்த்தார். "காட்டன்தானே மேடம்? நைலான், பாலியஸ்டர்னா ஸ்டேட்டிக் வரும். அங்க மணிக்கட்டுல பட்டை மாட்டி வயரோடதான் உட்கார வைப்பாங்க." கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் போர்டைத் தொட வேண்டும், ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும் என்றார். அட்டைப் பெட்டியிலிருந்து போர்டை வெளியே எடுத்ததும் இரண்டு கையாலும் விளிம்பில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போன் போர்டு உள்ளங்கையில அடங்கிடும். இது தாம்பாளத் தட்டு மாதிரி இருக்கு. ஒரு ஷிப்டுல ஆயிரத்துக்கு மேல பார்த்திருக்கேன் மேடம். கெபாசிட்டர் சாய்ஞ்சிருக்கா, சால்டர் விட்டுப்போயிருக்கா, அவ்வளவுதான். எங்க போய் உட்காருது, என்ன செய்யுதுன்னு யாரும் சொன்னதில்ல."

அவருக்கு மாட்டத் தெரியாது. எனக்குப் பார்க்கத் தெரியாது. நான் படித்ததைச் சொல்ல, அவர் கை செய்தது. ப்ராசஸரின் மூலையில் உள்ள குட்டி முக்கோணத்தை இருக்கையின் முக்கோணத்தோடு பொருத்தினார். அழுத்தவே கூடாது, அது தானாக உட்கார வேண்டும். நெம்புகோலை இறக்கியபோது மேலிருந்த பிளாஸ்டிக் மூடி 'டக்'கென்று தெறித்து விழ, மூவரும் அலறிவிட்டோம். அது அப்படித்தான் விழ வேண்டுமாம். ரேம் இரண்டும் காதைக் கடித்துக்கொண்டு நின்றன. கேபினெட்டின் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் நூல் மாதிரி வயர்களுக்குத்தான் அரை மணி நேரம் ஆனது, பூத்தொடுப்பதைவிடப் பொடிவேலை.

பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. மகன் எட்டிப் பார்த்தான். கணவர் செல்பேசியைக் கையில் எடுத்து, "அந்தப் பையனை வரச் சொல்லட்டுமா?" என்றார்.

"இருங்க சார்" என்றார் அக்கா. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போர்டை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் பார்த்தார். ஆறு வருடம் பார்த்த அதே பார்வையாகத்தான் இருக்க வேண்டும். "அந்த மேல் மூலையில ஒரு கனெக்டர் காலியா இருக்கு மேடம்." ப்ராசஸருக்கென்று தனியாக வரும் மின் இணைப்பு. நான் படித்திருந்தேன், மறந்துவிட்டேன். செருகினோம். திரை வெளிச்சமானது. மகன் கைதட்டினான். கணவர் காபி போடப் போனார்.

பணம் கொடுத்தேன். வேண்டாம் என்றார். "இது வேலைங்க, உதவி இல்ல" என்று சொல்லிக் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டு, கழற்றிப் போட்ட பழைய போர்டைக் காட்டினார். இரண்டு கெபாசிட்டர்கள் தலை வீங்கியிருந்தன. நோய் அதுதான். "இதை நான் எடுத்துக்கலாமா மேடம்? எம் பொண்ணுகிட்டக் காட்டணும். அம்மா கம்பெனியில என்ன செஞ்சான்னு கேட்டுட்டே இருக்கா." செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். பதினொரு வருடம் அதன்மேல் எழுதிய எனக்கு, அதை எந்தப் பெண் எந்த ஊரில் டார்ச் பிடித்துப் பார்த்து அனுப்பியிருப்பாள் என்ற கேள்வி அன்றுவரை வந்ததில்லை. பெண்ணெழுத்து பற்றி நான் வாசித்த கட்டுரைகள் எத்தனை.

பாட்டி காலத்தில் தெருவில் அம்மி கொத்துகிறவர் வருவார். தேய்ந்த கல்லைக் கொத்திவிட்டால் மறுபடி நன்றாக அரைக்கும். புதிது வாங்காமல் பழையதைக் கூர் ஏற்றும் அந்தச் சிக்கனத்தைப் பெண்களின் குணம் என்று புகழ்வார்கள். அரைத்ததெல்லாம் வீட்டுக்கு. நானும் அதே சிக்கனத்தைத்தான் செய்தேன். இந்த முறை அது என் எழுத்துக்கு. சிக்கனம் நம் தலையெழுத்தென்றே இருந்தாலும், அதில் ஒரு தடவையாவது நமக்கென்று செலவழியட்டும் தோழிகளே. பெட்டியைத் திறப்பதற்கு நான்கு திருகாணிதான்.

பழைய விண்டோஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது, அதனால் அதோடு போயிற்று. மாணவி உபுண்டு லினக்ஸ் போட்டுத் தந்தாள். காசில்லை, தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இணைத்துக்கொண்டேன். பழைய எழுத்துருவில் கிடந்த கவிதைகள் புரியாத குறியீடுகளாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். கடவுச்சொல் எனக்கு மட்டும் தெரியும். மகனுக்குத் தனிக் கணக்கு உண்டு, மாலை ஆறு முதல் எட்டு வரை.

இப்போது கணினி அரை நிமிடத்துக்குள் திறந்துவிடுகிறது. முதல் வாரம் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். வேலையை முடித்துத் திரும்புவதற்குள் திரை தூங்கிவிட்டிருந்தது. இப்போதெல்லாம் உட்கார்ந்துவிடுகிறேன். கொண்டைக்கடலையை யாராவது ஒருவர் ஊறப்போடுகிறார். சில நாள் யாரும் போடுவதில்லை. அன்றைக்கு ரசம்.