துலூம் கடற்கரையும் மாயர் தொன்னகரும்

பிறநாடு காண்டலால் விளையும் பயன்களுள் தலையாயது, நம் அறியாமையை நாமே கண்டுகொள்ளுதலாகும். மெக்சிக்கோ நாட்டின் யுக்காத்தான் தீபகற்பத்தில் யாம் ஒரு கிழமை தங்கிய வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுந்ததும் அக்கருத்துப் பற்றியே.

யாமிருவரும் மணம் புரிந்து நாற்பதாண்டு நிறைவுற்றதை முன்னிட்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஹூஸ்டன் நகரில் வாழும் எம் புதல்வன் இப்பயணத்தை எமக்குப் பரிசாக அளித்தனன். அதற்குமுன் அவன் இல்லத்தில் ஒரு திங்கள் தங்கியிருந்தோம். எட்டு வயதுப் பேர்த்தி எம்மிடம் பேரன்புடையவள். ஆயினும், யாம் தமிழிற் கேட்பனவற்றிற்கெல்லாம் ஆங்கிலத்திலேயே விடை பகர்வாள். அஃது எம் உள்ளத்திற் சிறு முள்ளெனத் தைத்திருந்தது. எனினும் அதுபற்றி யாம் எவரிடத்தும் வாய் திறந்திலோம்.

கான்குன் நகரில் ஆகாய விமானத்தினின்று இறங்கி, தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் மோட்டார் வண்டியிற் சென்று துலூம் என்னும் ஊரை அடைந்தோம். எம்முள் ஒருவர்க்குக் கடலின்மேல் வேட்கை. மற்றவர்க்குப் பழங்கட்டடங்களின்மேல் வேட்கை. கரிபியக் கடலின் நீர் மரகதம் போல் விளங்குமெனக் கேட்டிருந்தோம். யாம் சென்ற மே மாதத்திலோ, சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி கரைநெடுகக் குவிந்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசிற்று. 2011-ஆம் ஆண்டு முதலாக அது அட்லாண்டிக் மாகடலிற் பெருகி வளர்ந்து வருகின்றது. பணியாட்கள் விடியுமுன்னரே அதனை வாரி வண்டிகளில் ஏற்றினர். கடல் வேட்டவர் முகம் வாடக் கண்டு மற்றவர் நகைத்தனர். தம் நகையும் நெடிது நில்லாதென அப்பொழுது அறிந்திலர்.

மறுநாள் துலூம் பழநகரைக் கண்ணுற்றோம். மூன்று பக்கங்களில் கல்மதிலும் நான்காம் பக்கத்தில் கடலை நோக்கிய செங்குத்தான பாறையும் காவலாக அமைந்த நகர் அது. கி. பி. 13-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை அது வணிகத்தாற் செழித்தது. ஒரு கோயிலின் வாயில்மேல், தலைகீழாக விண்ணினின்று இறங்கும் தெய்வத்தின் உருவம் அமைந்துளது. பாறைமீது நின்று நோக்கியபொழுது, பாசி எட்டாத தொலைவிற் கடல் மரகதமாகவே ஒளிர்ந்தது. இருவர் வேட்கையும் ஓரிடத்தே நிறைவேறியதென மகிழ்ந்தோம்.

யுக்காத்தானின் வடபகுதியில் ஆறுகள் இல்லை. நிலம் சுண்ணாம்புக் கல்லாலாயது. மழைநீர் முழுதும் உட்சென்று நிலத்தடியில் ஓடும். கற்கூரை இடிந்து வீழ்ந்தவிடங்களில் அந்நீர் கேணிபோல் வெளிப்படும். அவற்றைச் செனோட்டே என்பர். அத்தகைய ஒன்றில் யாம் இறங்கி நீராடினோம். நீரின் தண்மையும் தெளிவும் எம் அகவையை மறக்கச் செய்தன. அந்நாட்டு மாந்தர்க்கு உயிர்நிலை இக்கேணிகளே. சிச்சென் இட்சா என்னும் பெயர்க்கே, இட்சா மக்களது கிணற்றின் வாய் என்பது பொருள்.

அந்நகர்க்கு மூன்றாம் நாட் சென்றோம். மாயர் குலத்தினராகிய ஒருவர் வழிகாட்டியாக வந்தார். நடுவே ஏறத்தாழ 30 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது படிக்கோபுரம். நாற்புறமும் பக்கத்திற்கு 91 படிகள். உச்சிமேடையுங் கூட்ட 365 ஆகி, ஓராண்டின் நாட்களைக் குறிக்கும். அதன்மேல் ஏறுதல் இப்பொழுது தடுக்கப்பட்டுளது. எதிரே நின்று கைதட்டினால், பறவை கூவினாற் போன்ற எதிரொலி படிகளினின்று மீளுகின்றது. புள்ளியும் கோடும் சிப்பி போன்ற சுழியமுங் கொண்டு இருபதிருபதாக எண்ணி, வெள்ளியின் 584 நாட் சுழற்சியையும் கணித்தவர் இம்மாயர்.

வியப்பு மேலிட, எம்முட் பழங்கட்டடம் வேட்டவர், ''இத்துணைச் சிறந்த மக்கள் எக்காலத்து மறைந்தொழிந்தனர்?'' என்று வினவினர்.

வழிகாட்டி புன்முறுவல் பூத்து, ''ஐயா, அம்மா, நகரங்கள்தாம் கைவிடப்பட்டன. யாங்கள் எங்கும் சென்றிலோம். இன்று காலை என் அன்னை என்னை உண்ண அழைத்தது மாயர் மொழியிலேதான்'' என்றார். 2020-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி, மெக்சிக்கோவில் யுக்காத்தான் மாயர் மொழி பேசுவோர் ஏழு இலக்கத்திற்கு மேற்பட்டவர். யாம் நாணித் தலைகவிழ்ந்தோம்.

பின்னர் அவர் குரல் தாழ்த்தி, ''என் மகன் பாட்டி கூறுவதெல்லாம் அறிவான். விடை மட்டும் ஸ்பானிய மொழியில் உரைப்பான்'' என்றார். யாமிருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம்.

மரநிழலில் அமர்ந்து அவர் மேலும் உரைத்தார். 1562-ஆம் ஆண்டில் மானி என்னும் ஊரில், டியேகோ டி லாண்டா என்னும் துறவி, மாயர் நூல்களைத் தீயிலிட்டனர். மரப்பட்டைத் தாளில் எழுதிய அந்நூல்களுள் இன்று உலகில் எஞ்சியவை நான்கே. அவற்றை எரித்த அத்துறவியே பின்னர் எழுதிய நூலில் மாயர் எழுத்துகள் சிலவற்றைக் குறித்து வைத்தனர். அக்குறிப்பைத் துணைக்கொண்டே, 1952-ஆம் ஆண்டில் ருசிய நாட்டு அறிஞர் யூரி க்னோரோசோவ், அவ்வெழுத்துகளை ஒலித்துப் படிக்கும் நெறிக்கு வழி திறந்தனர்.

அன்றிரவு கடற்கரையில் வலைத்தொட்டிலிற் கிடந்தவாறு யாம் நெடுநேரம் உறங்கிலோம். அவர்தம் நூல்களைப் பிறர் எரித்தனர். எம் இல்லத்திலோ எவரும் தீ மூட்டினாரல்லர். பேர்த்தி ஆங்கிலத்தில் விடை கூறியபொழுதெல்லாம், அன்பு குறையுமோவென அஞ்சி, யாமே மெல்ல மெல்ல ஆங்கிலத்திற்கு மாறினோம். குற்றம் குழந்தையினதன்று; மகனதுமன்று; எமதே.

ஹூஸ்டனுக்கு மீண்டபின், கூழாங்கற்களையும் குச்சிகளையும் பேர்த்தியின்முன் பரப்பினோம். கல் ஒன்று, குச்சி ஐந்து, சிப்பி சுழியம். மாயர் எண்களை அமைத்து, அவற்றின் பெயரைத் தமிழிற் கூறுவதே விளையாட்டு. பதினெட்டில் அவள் நாத் தடுமாறிற்று. ''மறுபடியும், தாத்தா'' என்று தமிழிற் கேட்டாள். இப்பொழுது வாரந்தோறும் தொலைபேசியில் அவ்விளையாட்டுத் தொடர்கின்றது. ஐம்பது வரை வந்துளாள்.

மாணவ அன்பர்காள்! தொன்னகர் காணச் செல்மின், கடலாடி மகிழ்மின். ஆயின், கற்களைக் கண்டு வியக்குமுன், அவற்றை எடுப்பித்தவர் வழிவந்தார் அருகே நிற்கின்றனரோ என நோக்குமின். வீடு திரும்பியதும் நும் பாட்டியாரோடு சற்றே உரையாடுமின்.