வனைதலும் வீட்டுப் பொழுதும்

புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் உள்ள மட்பாண்டப் பட்டறைகளுக்குச் செல்பவர், அங்கே சக்கரத்தின் முன் அமர்ந்திருப்போரில் பலர் குயவர் குடியில் பிறக்காதவர்கள் என்பதையும், அவர்களுள் பெண்கள் கணிசமாக இருப்பதையும் காணலாம். 1971இல் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியே இவ்வட்டாரத்தில் இந்தப் போக்குக்கு வழிவகுத்தது. அங்கு செய்யப்படுபவை கற்பாண்டங்கள், அதாவது ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டு, மண் இறுகி, நீர் கசியாத நிலையை அடைந்த கலங்கள்.

மணமாகிப் பிள்ளைகள் பிறந்தபின் விட்டுப்போன கைவேலைக்கு மீண்டும் வருவோர் நேரமின்மையையே முதல் தடையாகக் கூறுவர். ஆனால் கையால் வனையும் முறையைக் கூர்ந்து நோக்கினால், அவ்வேலையின் பெரும்பகுதி காத்திருத்தலாகவே இருப்பது புலப்படும். ஒரு கோப்பையின் உடலைக் காலையில் செய்து வைத்தால், அது தோல்பதம் அடையும்வரை, அதாவது விரலால் அழுத்தினால் நெளியாமலும் கத்தியால் சீவினால் உதிராமலும் இருக்கும் இறுக்கத்தை எய்தும்வரை, கைப்பிடியை ஒட்ட இயலாது. அந்தப் பதம் வந்ததும், ஒட்டவேண்டிய இரு பரப்புகளையும் கீறி, குழைத்த மண்கூழைத் தடவி அழுத்தவேண்டும். உடலும் பிடியும் வெவ்வேறு ஈரத்தில் இருந்தால் காயும்போது ஒட்டிய இடத்திலேயே விரிசல் விழும். இடையில் சமையலோ குழந்தையின் காய்ச்சலோ குறுக்கிட்டால், கலத்தை ஈரத்துணியாலும் பிளாஸ்டிக் உறையாலும் மூடிப் பதத்தை நாட்கணக்கில் நிறுத்திவைக்கலாம். சக்கரத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. சுழலும் மண்ணை நடுவில் நிறுத்தி மேலெழுப்பும்போது எழுந்து சென்றால் வேலை கெட்டுவிடும். ஆகவே துண்டு துண்டாகவே நேரம் கிடைப்பவர்க்கு, கிள்ளி வனைதலும் மண்திரிகளை அடுக்கி எழுப்புதலுமே பொருந்தும் என்பதில் ஐயமில்லை. சக்கரம் இல்லையே என்று ஏங்குவது வீண்.

கைவேலையும் வீட்டு வேலையும் இப்படி இணங்கிப்போவது குயவர் வீடுகளில் புதியதன்று. மானாமதுரையில் கடம் என்னும் இசைக்கருவிக்கான பானையைச் சக்கரத்தில் வனைந்து எடுத்தபின், உள்ளே கல்லைத் தாங்கிப் பிடித்து, வெளியே மரக்கட்டையால் ஆயிரக்கணக்கான முறை தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவருகின்றனர். அத்தட்டுதலுக்குப் பெயர்பெற்ற மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர். நகரத்துப் பெண்ணுக்கு ஓய்வுநேர வேலையாக அமைவது அங்கே குடும்பத்தின் பிழைப்பு என்ற வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றாகப் போற்றுவது பொருந்தாது.

வீட்டில் செய்யவியலாத கட்டம் சுடுதல். கற்பாண்டச் சூளையின் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றவேண்டும். குறிப்பாக, மண்ணிலுள்ள படிகக்கல் துகள்கள் சட்டென விரியும் 573 டிகிரியை மெதுவாகக் கடக்கவேண்டும். ஆதலால் வீட்டில் வனைவோர் காய்ந்த கலங்களைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, பிறர் கலங்களோடு சேர்த்து அடுக்கி, சூளையில் பிடிக்கும் இடத்துக்கேற்பக் கட்டணம் செலுத்துவது வழக்கமாக உள்ளது. போகும் வழியில் வண்டி குலுங்கி விளிம்பு உடைந்தாலும், சுடாத மண் என்பதால் அதை நீரில் ஊறவைத்துப் பிசைந்து மீண்டும் வனையலாம்.