டோலி போற பாதையில டூர் போனோம்!

கொடைக்கானல்னதும் என்ன ஞாபகம் வரும்? வத்தலக்குண்டு, கொண்டை ஊசி வளைவு, வாந்தி, ஏரி, போட்டிங், ஹோம்மேட் சாக்லேட். பஸ்ஸே ஏறாமல் போகலாம்னு அப்பா சொன்னப்போ, காசை மிச்சம் பண்ணத்தான் சொல்றார்னு நினைச்சோம். மனுஷர் சீரியஸ்!

2022 அக்டோபர், காலாண்டு லீவு. நான் ப்ளஸ் டூ, தம்பி எட்டாவது. ஆளுக்கொரு பை, வனத்துறை அனுமதி, கூடவே வெள்ளகவி ஊர்க்கார அண்ணன் ஒருத்தர். (அனுமதி இல்லாம கிளம்பிடாதீங்க பாஸ். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில 23 பேர் செத்துப்போனதை மறக்கக் கூடாது.)

பெரியகுளம் பக்கத்துல கும்பக்கரை அருவி. குளிக்க வர்ற கூட்டம் அங்கேயே நின்னுடும். பாதை அங்கதான் தொடங்குது. முதல் ஒரு மணி நேரம் வியர்வை, அப்புறம் மூச்சிரைப்பு, அப்புறம் மழை. மழை வந்தா கூடவே அட்டை. உப்பைத் துணியில கட்டி கால்ல தேய்ச்சுக்கிட்டே ஏறினோம். அம்மா மட்டும் எதுவும் பேசாம, எங்க எல்லாருக்கும் முன்னாடி போய்க்கிட்டே இருந்தாங்க. காலை ஆறரைக்குக் கிளம்பி, வெள்ளகவியைத் தொட்டப்போ மணி ரெண்டரை.

ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழட்டணும். உள்ளே வரிசையா கோயில்கள். ஊரே கோயில் மாதிரிங்கிறதால தெருவுல யாரும் செருப்பு போடறதில்லை. சுத்தி காபி, பலா, வெண்ணெய்ப் பழம். காபிப் பழம் அப்போதான் சிவக்க ஆரம்பிச்சிருந்தது.

இந்த ஊருக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 1821-ல் வார்டுங்கிற பிரிட்டிஷ் லெப்டினென்ட், மலை உச்சியை சர்வே பண்ண இங்கிருந்துதான் ஏறினார். 1845-ல் மதுரையில இருந்த அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டினாங்க. துரைமாரும் அம்மாமாரும் அடிவாரத்துல இருந்து குதிரையிலயோ டோலியிலயோதான் கொடைக்கானல் போனாங்க. 1914-ல் மோட்டார் ரோடு வந்துச்சு, டோலி போச்சு. கொடைக்கானலுக்குத்தான்! வெள்ளகவிக்கு நாங்க போன வருஷம் வரைக்கும் ரோடு கிடையாது. சாமான் வர்றது குதிரை முதுகுல. நோயாளி போறது டோலியில.

மழை விடாததால ரெண்டு ராத்திரி அங்கேயே தங்கினோம். சாப்பாடு போட்ட வீட்டுப் பாட்டிகிட்ட அப்பா சும்மா இருக்காம, “ரோடு வந்துச்சுன்னா இந்த அழகெல்லாம் போயிடும்மா”ன்னார்.

“போகட்டும் சாமி. எம் மருமகளுக்கு வலி எடுத்தப்ப எட்டுப் பேரு மாத்தி மாத்தித் தூக்குனாங்க. மழை. பாதி வழியிலேயே பொறந்துட்டா. இந்தா, இவதான்.”

வாசல்ல காபிப் பழம் பொறுக்கிக்கிட்டிருந்த பொண்ணு நிமிர்ந்து பார்த்துச்சு. அப்பா அப்புறம் ரொம்ப நேரம் பேசலை.

இப்போ சிவில் படிக்கிறேன். சரிவை வெட்டினா மழைத்தண்ணிக்கு வழி விடணும், இல்லேன்னா ரோடும் போயிடும், மலையும் வந்துடும்னு தெரியும். சுத்தியிருக்கிற காடு பெரும்பாலும் 2013-ல் அறிவிச்ச சரணாலயம். ஈஸி இல்லைதான். ஆனா, ‘ரோடு வேணாம், அழகா இருக்கு’ங்கிற வாதம் மட்டும் எனக்கு அன்னிக்கே செத்துப்போச்சு.

மூணாவது நாள் மேலே. இது இன்னும் செங்குத்து. மேகத்துக்குள்ள நுழைஞ்சு டால்பின் நோஸ் பாறைக்கு வந்தப்போ, அங்கே ஒரு காலேஜ் கும்பல் செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தது. “எங்கிருந்து வர்றீங்க?”ன்னு கேட்டாங்க. “பெரியகுளம்”னு தம்பி சொன்னப்போ அவன் முகத்துல இருந்த பெருமை இருக்கே!

வட்டக்கானல்ல சூடா டீ, பிரெட் ஆம்லெட். அப்பா எங்க பைகளை ஒவ்வொண்ணா தூக்கிப் பார்த்து, “எட்டு எட்டு கிலோ இருக்கும்”னு சொல்லிக்கிட்டார். எங்களைக் கூட்டிவந்த அண்ணன் அதுக்குள்ள கடைக்குப் போய் 25 கிலோ அரிசி மூட்டையை வாங்கி முதுகுல கட்டிக்கிட்டிருந்தார்.

“இருங்கண்ணே, சாப்பிட்டுப் போலாம்”னு அம்மா கூப்பிட்டாங்க.

“இருட்டுறதுக்குள்ள ஊர் சேரணும்க்கா”ன்னு சொல்லிட்டு இறங்கிட்டார்.