தாத்தா போட்ட கையெழுத்து

என் மனைவியின் தாத்தா பாண்டிச்சேரியில் போட்ட ஒரே ஒரு கையெழுத்தால், இப்போது எங்கள் வீடு முழுக்க ஜெராக்ஸ் காகிதம்!

1954 நவம்பர் 1-ல் பாண்டிச்சேரி இந்தியா வசம் வந்துவிட்டாலும், ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். தாத்தா கொடுத்தார். அப்போது பொடியனாக இருந்த என் மாமனாரும் பிரெஞ்சுக்காரராகவே நீடித்தார்.

"எல்லாரும் ஒண்ணா அப்ளிகேஷன் போட்டுடலாம் மாப்ளே!" என்கிறார் இப்போது. எல்லாரும் என்றால் மனைவி, மச்சான், குழந்தைகள். வம்சாவளியில் மாப்பிள்ளைக்கு ஏது இடம்? ஜெராக்ஸ் எடுக்கும் வேலைதான்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. குடும்பம் ஐம்பது வருஷத்துக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, கேட்பவரும் சரி, அவருக்கு உரிமை தரவேண்டிய அப்பாவோ அம்மாவோ சரி, பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதற்கு அத்தாட்சி இல்லையென்றால், வம்சாவளியை நிரூபிக்கவே பிரெஞ்சு சட்டம் விடாது. மாமனாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, மனைவி தப்பித்தாள். அவள் சும்மா இருந்துவிட்டால் எங்கள் எட்டு வயசுப் பையனுக்குச் சிக்கல்.

பி.காம். புத்தி வரவு செலவு போட்டது. வரவு: பையன் ஐரோப்பாவில் வேலை பார்க்கலாம். செலவு: இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கினால் நம்ம பாஸ்போர்ட், ஓட்டு இரண்டும் அம்பேல். ஓ.சி.ஐ. கார்டு வைத்திருந்தாலும் விவசாய நிலம் வாங்க முடியாது.

மனைவிதான் தீர்ப்பு சொன்னாள். "குடியுரிமைச் சான்றிதழுக்கு மட்டும் எழுதிப் போடுவோம். பாஸ்போர்ட் வேணுமா, வேணாமான்னு பதினெட்டு வயசுல அவனே முடிவு பண்ணட்டும்."

தாத்தாவுக்கு யோசிக்கக் கிடைத்தது ஆறே மாசம். கொள்ளுப்பேரனுக்குப் பத்து வருஷம் இருக்கிறது.